பத்து பிளாப்பியும் கிடையாத ஒன்றும்

கல்லூரியில் கம்ப்யூட்டருக்குப் பொறுப்பாளராக இருப்பதும் கல்யாண வீட்டில் ஜெனரேட்டருக்குப் பொறுப்பாளராக இருப்பதும் ஒன்றுதான்: ஓடுகிறவரை நம்மை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், நின்றுவிட்டால் பந்தியில் இருப்பவர்கூட எச்சில் கையோடு எழுந்து வந்து விசாரிப்பார்.

என்னைப் போலவே ஒரு சாவிக்கொத்தையும் ஒரு ஸ்டாக் ரிஜிஸ்டரையும் தலையில் கட்டிக்கொண்டு அலைந்த அன்பர்களே, இது உங்களுக்காக. எண்பதுகளின் கடைசி. ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில், எக்ஸ்பிரஸ் பஸ் நிற்காத ஓர் இடத்தில் இருந்த கல்லூரியில் நான் கணித டியூட்டர். தற்காலிகம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை உத்தரவைப் புதுப்பித்துத் தருவார்கள். மதுரையில் பதினைந்து நாள் கம்ப்யூட்டர் பயிற்சிக்கு யாராவது போக வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தபோது, மற்ற எல்லார் வீட்டிலும் ஏதோ விசேஷம் இருந்தது. நான் போனேன். திரும்பி வந்தபோது கல்லூரியில் நான்கு கம்ப்யூட்டர் இறங்கியிருந்தது. நான் பொறுப்பாளர் ஆகியிருந்தேன். என்னைக் கேட்டார்களா என்றால், இல்லை. எனக்குத் தெரியுமா என்றால், அதுவும் இல்லை.

பிரின்சிபால் விலங்கியல் பேராசிரியர். நல்ல மனிதர். என்னைக் கூப்பிட்டு விஷயத்தை உடைத்துச் சொல்லிவிட்டார். இப்போதைக்கு ஒரு வருட சர்டிபிகேட் வகுப்பு மட்டும் நடக்கும். அடுத்த மாசி வாக்கில் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு கமிட்டி வரும். நான்கு மெஷினும் ஓடுவதை அவர்கள் கண்ணால் பார்த்தால் பட்டப்படிப்புக்கு அனுமதி, எனக்கு நிரந்தர வேலை. ஓடாவிட்டால் ஏப்ரலோடு எனக்கும் மெஷினுக்கும் ஓய்வு. எனக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. அந்தப் பதினோரு மாதத்தில் நான் பட்ட பாட்டில் சிலதை மட்டும் சொல்கிறேன்.

குளிர்ச்சி

கல்லூரியிலேயே ஏ.சி. போட்ட அறை எங்களுடையது மட்டும்தான். மெஷினுக்காகப் போட்டது. பங்குனி வெயில் ஏறியதும் எல்லாத் துறைக்கும் கம்ப்யூட்டர் மேல் திடீர் அக்கறை வந்துவிட்டது. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் வரலாறு வரும், பொருளாதாரம் வரும், பின்னாலேயே தமிழ் வரும். பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். ஆள் கூடினால் அறை சூடாகும், சூடானால் மெஷின் கெடும் என்று மதுரையில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஒரு தற்காலிக டியூட்டர் மூன்று பேராசிரியர்களை எப்படி எழுந்து போகச் சொல்வது? யோசித்து யோசித்து, 'கம்ப்யூட்டர் வேலை உள்ளவர்கள் மட்டும் உள்ளே வரவும்' என்று ஓர் அட்டை எழுதிக் கதவில் தொங்கவிட்டேன்.

மறுநாள் எல்லாரும் வேலையோடு வந்தார்கள். வரலாற்றுப் பேராசிரியர் தம் வீட்டுக் கல்யாணத்துக்கு அழைக்க வேண்டியவர்களின் விலாசங்களைக் கொண்டுவந்து, ஊர் வாரியாகப் பிரித்துத் தரச் சொன்னார். பொருளாதாரம் கையில் ஒரு நோட்டோடு வந்து, அதைத் திறக்காமலேயே தூங்கிவிட்டது. தமிழ்ப் பேராசிரியர் சட்டைப் பையிலிருந்து இரண்டு ஜாதகத்தை எடுத்து நீட்டி, "நம்ம பொண்ணுக்கு. செத்த இதுல போட்டுப் பாருங்க" என்றார். ஐயா, இதில் அந்த வேலைக்கு ஒன்றும் எழுதி வைக்கவில்லை, கூட்டல் கழித்தலும் மார்க் லிஸ்ட்டும்தான் வரும் என்றேன். அவர் ஜாதகத்தை மடித்து வைத்துக்கொண்டார். எழுந்து மட்டும் போகவில்லை. ஏ.சி.யையும் மெஷினையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஒரு பொருத்தம்கூடப் பாக்கத் தெரியாத சாமானுக்கு எதுக்கு சார் இம்புட்டுக் குளிர்ச்சி?"

எத்தனை ஹெச்.பி.?

கல்லூரிக்குப் பக்கத்தில் ஒரு நூல் மில். சரியாக மூன்று மணிக்குச் சங்கு ஊதும், புது ஷிஃப்ட் ஏறும், மோட்டார் எல்லாம் ஒன்றாக ஓட ஆரம்பிக்கும். எங்கள் அறையில் விளக்கு மங்கும். ஸ்டெபிலைசர் 'டக் டக்' என்று இரண்டு தடவை அடித்துவிட்டுக் கைவிட்டுவிடும். நான்கு திரையும் இருண்டுபோகும். அதுவரை பிள்ளைகள் அடித்ததெல்லாம் போச்சு. மறுபடியும் முதலிலிருந்து. ஒரு மாதம் கரண்ட் ஆபீஸுக்கு எழுதிப் பார்த்தேன். பிறகு நேராக மில்லுக்கே போய், அங்கே எலெக்ட்ரீஷியனாக இருந்த தங்கராஜ் அண்ணாச்சியின் கையைப் பிடித்தேன்.

அண்ணாச்சி பெரிய மனசு பண்ணி டெஸ்டரோடு வந்தார். நான்கு மெஷினையும் சுற்றி வந்தார். "எத்தனை ஹெச்.பி. சார்?" என்றார். எனக்குத் தெரியவில்லை. முதுகுப் பக்கம் குனிந்து தகட்டில் இருந்த வாட்ஸ் கணக்கை வாசித்தேன். அவர் முகம் விழுந்துவிட்டது. பெரிய வண்டி பழுது பார்க்கக் கூப்பிட்டுப் பொம்மைக் காரைக் காட்டியதுபோல் ஆகிவிட்டது அவருக்கு. "தினமும் நம்மளால நிறுத்தி வைக்க முடியாது. உங்க கமிட்டி வருத அன்னைக்கு மட்டும் சொல்லுங்க, மோட்டாரை ஒண்ணொண்ணா ஓட்டிக்கிடுதேன்" என்று வாக்குக் கொடுத்தார். வாசல்வரை போனவர், கதவில் இருந்த பூட்டுகளைப் பார்த்துவிட்டு நின்றார்: "ரெண்டு ஃபேன் இழுக்குற கரண்டைக்கூட இழுக்காத சாமானுக்கா சார் மூணு பூட்டு போட்டிருக்கிய?"

வாசிக்கிறவள்

நான்கு மெஷினை வைத்துக்கொண்டு நாற்பது பேருக்குச் சொல்லிக்கொடுப்பது எப்படி என்று மதுரையில் சொல்லித் தரவில்லை. நானே ஓர் ஏற்பாடு செய்தேன். ஒரு நேரத்தில் மெஷினுக்கு மூன்று பேர், மற்றவர்கள் தங்கள் முறை வரும்வரை வெளியே. ஒருத்தர் நோட்டைப் பார்த்து வாசிக்க வேண்டும், ஒருத்தர் அடிக்க வேண்டும், ஒருத்தர் திரையைப் பார்த்துத் தப்பு சொல்ல வேண்டும். ரொம்ப நியாயமான பங்கீடு என்று பிரின்சிபாலே பாராட்டினார். எனக்கும் கொஞ்சம் கர்வம்தான். வேலையை அவர்களாகவே மாற்றிக்கொள்வார்கள் என்று நினைத்துக்கொண்டேன். மாற்றிக்கொள்ளச் சொல்லவில்லை.

வத்திராயிருப்பிலிருந்து பேச்சியம்மாள் என்று ஒரு பெண் வந்து படித்தாள். கணீரென்ற குரல். காற்புள்ளி, அடைப்புக்குறி எதையும் விடாமல் வாசிப்பாள். அதனால் அவளை எந்தக் கூட்டமும் விடவில்லை. முதல் பரீட்சை வந்தது. தனித்தனியாக உட்கார்ந்து பத்து நிமிடத்தில் ஒரு சின்ன புரோகிராம் அடித்துக் காட்ட வேண்டும். பேச்சியம்மாள் உட்கார்ந்தாள். கையை மடியிலேயே வைத்திருந்தாள். "அடிம்மா" என்றேன். எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தேடினாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது, நான்கு மாதமாக அவள் ஒரு பட்டனைக்கூடத் தொடவில்லை. அந்தப் பங்கீட்டைப் போட்டவன் நான். அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. அடுத்த வாரமே வாரத்துக்கு ஒரு வேலை என்று சுற்று முறை போட்டுச் சுவரில் ஒட்டினேன். ஆனால் அன்றைக்கு அந்தப் பெண் செய்ததை மாற்ற முடியவில்லை. நாற்காலியை ஒதுக்கி எனக்கு இடம் விட்டு, நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு சொன்னாள்: "சார், நான் வாசிக்கேன், நீங்க அடிக்கீங்களா?"

பில்லில் பத்து

பிளாப்பியைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: கறுப்பாக, சதுரமாக, விசிறி அட்டை போல் ஓர் உறை, அதற்குள் மெல்லிய தட்டு. எங்கள் மெஷினில் சரக்கு எதுவும் உள்ளே தங்காது. மெஷின் எழுந்திருக்கவே ஒரு பிளாப்பியைச் செருக வேண்டும். ஒரு பெட்டி வாங்கினோம். பில்லில் பத்து. பெட்டியைத் திறந்தால் பதினொன்று இருந்தது. ஒன்று இலவசமாம்.

எங்கள் கல்லூரியில் ஒரு வழக்கம் உண்டு. வாசலைத் தாண்டி உள்ளே வருகிற எந்தப் பொருளும் பில்லோடு ரிஜிஸ்டரில் ஏற வேண்டும், ஏறியதற்கு ஒரு நம்பர், அந்த நம்பரை வெள்ளை எனாமல் பெயின்டால் பொருள் மேலேயே எழுத வேண்டும். பெஞ்சுக்கு உண்டு, வாளிக்கு உண்டு, விலங்கியல் கூடத்தில் பாட்டிலுக்குள் சுருண்டு கிடக்கும் பாம்புக்கும் உண்டு. ரிஜிஸ்டருக்குச் சொந்தக்காரர் ஆபீஸ் சூப்பிரண்டு சங்கரலிங்கம். பதினோரு பிளாப்பியையும் அவர் மேஜையில் வைத்தேன். எண்ணினார். பில்லைப் பார்த்தார். மறுபடி எண்ணினார். இலவசம் என்று எழுதிக்கொள்ளுங்களேன் என்றேன். இலவசத்துக்குப் பில் எங்கே என்றார். கடைக்கே திருப்பி அனுப்பட்டுமா என்றேன். வராத சாமானை எப்படித் திருப்புவது என்றார். கடைசியில் பத்தை எழுதிக்கொண்டு, பதினோராவதை ஒரு விரலால் என் பக்கம் தள்ளினார்: "பில்லுல இல்லாத சாமான் நம்ம காலேஜ்ல கிடையாது, கிடையாததைப் பத்திரமா வச்சுக்கிடுங்க."

ரெண்டு கோட்

கமிட்டி வெள்ளிக்கிழமை வருவதாகக் கடிதம் வந்தது. முதலில் ஸ்டாக் ரிஜிஸ்டரைத்தான் கேட்பார்கள் என்று யாரோ பிரின்சிபாலிடம் சொல்லிவிட்டார்கள். நம்பர் எழுதாமல் விட்டுப்போன பொருள் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்று உத்தரவு. வியாழக்கிழமை காலையில் நான் ஸ்டெபிலைசரைப் பழுது பார்த்து வாங்கி வர ராஜபாளையம் போனேன். சாவியைச் சூப்பிரண்டிடம் கொடுத்துவிட்டுத்தான் போனேன். அதுதான் நான் செய்த தப்பு.

கல்லூரியின் நம்பர்களை எல்லாம் எழுதுபவர் அட்டெண்டர் மாரியப்பன். ஐம்பது வயதுக்கு மேல் ஆனவர். அச்சுப் போன்ற எழுத்து. மத்தியானம் நான் திரும்பியபோது ஜன்னல் ஓரத்தில் பழைய துணியை விரித்து, அதன் மேல் பத்து பிளாப்பியையும் வரிசையாகக் காய வைத்திருந்தார். பிளாப்பி உறையில் முட்டை வடிவத்தில் ஒரு திறப்பு இருக்கும். அதன் வழியாகத்தான் மெஷின் தட்டைப் படிக்கும். நம்பர் எல்லாம் அந்தத் திறப்புக்குள், தட்டின் மேலேயே இருந்தது. முன்னாலும் பின்னாலும். மெஷினை எழுப்புகிற பிளாப்பி இரண்டும் அதில்தான். மார்க் லிஸ்ட் போடும் புரோகிராமும் அதில்தான்.

"ஏன் அண்ணே, உறை மேல எழுதக் கூடாதா?" என்றேன். "உறை சொரசொரன்னு இருக்கு சார், நகம் பட்டா உரிஞ்சிரும். உள்ள வழுவழுன்னு இருக்கு, அங்கதான் பெயின்ட் நல்லாப் பிடிக்கும்" என்றார். அவர் சொன்னதில் ஒரு குற்றமும் இல்லை. தகரத்துக்கும் மரத்துக்கும் அதுதான் நியாயம். அது மெஷின் படிக்கிற இடம் என்று நான் அவருக்கு ஒரு நாளும் சொல்லித் தந்ததில்லை. மெஷின் விற்ற மதுரைக் கம்பெனிக்கு டிரங்க்கால் போட்டேன். இன்ஜினியர் வெளியூர் போயிருக்கிறார், சனிக்கிழமைதான் வருவார் என்றார்கள். நான் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்ததை மாரியப்பன் வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். பக்கத்தில் வந்து ஆறுதலாகச் சொன்னார்: "கவலப்படாதிய சார், ரெண்டு கோட் அடிச்சிருக்கேன். பத்து வருசத்துக்கு அழியாது."

பட்டுச்சேலை

சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் எப்படி ஏறினேன், எங்கே இறங்கினேன் என்று நினைவில்லை. என் மனைவி செல்விக்கு அப்போது ஏழாம் மாதம். அவளிடம் சொல்லக் கூடாது என்று நினைத்துக்கொண்டே போய், செருப்பைக் கழற்றுவதற்குள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பயமாக இருந்தது. ஏப்ரலுக்குப் பிறகு என்ன செய்வது, மில்லில் யாரிடம் போய்க் கேட்பது, பிள்ளை பிறக்கும்போது அப்பாவுக்கு வேலை இல்லை என்றால் மாமனார் வீட்டில் எந்த முகத்தோடு நிற்பது என்று என்னென்னவோ பேசினேன். அவள் காபியை வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. என் பேச்சிலேயே எது முக்கியம், எது புலம்பல் என்று பிரிக்க மட்டும் தெரியும். எத்தனை பிளாப்பிக்குப் பெயின்ட் அடித்தார்கள் என்று கேட்டாள். பத்து என்றேன். எழுந்து போய் பீரோவைத் திறந்துகொண்டே கேட்டாள்: "பொங்கல் லீவுல, தூசி படாத இடம் வேணும்னு என் கல்யாணப் பட்டுக்கு நடுவுல ஒண்ணை வச்சியளே, அதையும் அங்கதான் கொண்டு போயி காயப்போட்டியளா?"

கமிட்டி

கிடையாத பிளாப்பி கிடைத்தது. பொங்கல் விடுமுறைக்கு முன்னால், மெஷினை எழுப்புவதையும் மார்க் லிஸ்ட் புரோகிராமையும் அதில் நகல் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனது நானேதான். பயத்தில் மறந்திருந்தேன். ஒரு பிளாப்பி, நான்கு மெஷின். ஒன்றில் செருகி எழுப்ப வேண்டும், புரோகிராம் உள்ளே ஏறியதும் உருவி அடுத்ததில் செருக வேண்டும். ஏறிவிட்டால் கரண்ட் நிற்கும்வரை பிளாப்பி தேவையில்லை. ஒரே தீக்குச்சியில் நான்கு விளக்கு ஏற்றுவதைப் போலத்தான். ஆனால் இடையில் கரண்ட் போனால் கமிட்டிக்கு முன்னால் மறுபடியும் முதலிலிருந்து. காலையிலேயே மில்லுக்குப் போய்த் தங்கராஜ் அண்ணாச்சியிடம் இன்றைக்குத்தான் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மூன்று பேர் வந்தார்கள். சாப்பாடு, பால்கோவா, பிரின்சிபாலின் பாம்புப் பாட்டில்கள் எல்லாம் முடிந்து எங்கள் அறைக்குள் வரும்போது மணி இரண்டே முக்கால். பேச்சியம்மாளை முதல் மெஷினில் உட்கார வைத்திருந்தேன். தலைவர், நாற்பது பேர் மார்க்கையும் கூட்டி வரிசைப்படுத்திக் காட்டச் சொன்னார். அவள் யாரையும் பார்க்கவில்லை. அடித்தாள். வரிசை வந்தது. இரண்டாவது, மூன்றாவது மெஷினிலும் வந்தது. நான்காவதை அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது மில் சங்கு ஊதியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். கண்ணைத் திறந்தபோது விளக்கு மங்கவில்லை. தங்கராஜ் அண்ணாச்சி சொன்ன வாக்கைக் காப்பாற்றிவிட்டார். திரையில் மார்க் அப்படியே நின்றது. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஏ.சி. காற்று கண்ணில் படுகிறது என்று சொல்லிச் சமாளித்தேன்.

தலைவருக்குத் திருப்தி. போகிற போக்கில், பிளாப்பி எத்தனை இருக்கிறது என்று கேட்டார். சூப்பிரண்டு ரிஜிஸ்டரைத் திறந்து, "பத்து சார். சரியா இருக்கு" என்று பத்தையும் தட்டில் வைத்து நீட்டினார். தலைவர் வெள்ளை நம்பர்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இது எதுவும் ஓடாதே என்றார். ஓடாது என்று ஒப்புக்கொண்டேன். அப்படியானால் இவ்வளவு நேரம் எது ஓடியது என்று கேட்டார். நான்காவது மெஷினிலிருந்து பதினோராவதை உருவிக் காட்டினேன். "இது எங்கே இருக்கு?" என்று ரிஜிஸ்டரைத் தட்டினார். "அது கிடையாது சார்" என்றார் சூப்பிரண்டு, கொஞ்சமும் தயங்காமல். தலைவர் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் கையிலிருந்த பிளாப்பியைப் பார்த்தார். பேனா மூடியைத் திறந்து, கையிலிருந்த பாரத்தின் கட்டங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே கேட்டார்: "இருக்கிற பத்தும் ஓடலை, கிடையாத ஒண்ணு நல்லா ஓடுது, இதை நான் இந்தப் பாரத்துல எந்தக் கட்டத்துல எழுத?"

எந்தக் கட்டத்தில் எழுதினாரோ தெரியாது. பட்டப்படிப்புக்கு அனுமதி வந்தது. என் நிரந்தர உத்தரவும், கணக்கில் இல்லாத ஒரு பிளாப்பியைக் கல்லூரிக்குள் வைத்திருந்ததற்கு விளக்கம் கேட்ட மெமோவும் ஒரே கவரில் வந்தன. விளக்கம் எழுதிக்கொண்டு போனேன். கிடையாத சாமானைப் பற்றிய விளக்கத்தை எந்த ஃபைலில் வைப்பது என்று கேட்டுச் சூப்பிரண்டு திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பல வருடம் கழித்து ஓய்வு பெற்ற அன்று, ரிஜிஸ்டரில் இருந்ததை எல்லாம், அழியாத வெள்ளை நம்பரோடு அந்தப் பத்தையும் சேர்த்து, எண்ணி ஒப்படைத்துவிட்டு வந்தேன்; என் பிழைப்பைக் காப்பாற்றிய ஒன்று மட்டும், அது கல்லூரியில் கிடையாது என்பதால், இன்னும் செல்வியின் பட்டுச்சேலைக்கு நடுவிலேயே இருக்கிறது.